டார்ப்-32 அளவு மாறவில்லை என்றால் மருந்து வேலை செய்யவில்லை என்று பொருளா? மூளையிலும் தசையிலும் இந்தப் புரதக் குடும்பம் செய்வது என்ன?

கேட்கப்பட்டவை மூன்று. எலியின் ஸ்ட்ரையேட்டத்தில் (இயக்கத்தையும் ஊக்கத்தையும் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதி) டோபமின் ஏற்பியைத் தூண்டும் மருந்து கொடுத்து வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களை ஜெல்லில் பிரித்து ஆன்டிபாடியால் அடையாளம் காணும் சோதனை) போட்டால், டோபமின் சமிக்ஞையைக் கடத்தும் புரதமான டார்ப்-32-இன் அளவு ஏன் அப்படியே இருக்கிறது? கணக்கில் 23 கிலோடால்டன் (புரத நிறையின் அலகு) வரவேண்டிய புரதம் ஜெல்லில் ஏன் 32-ல் நிற்கிறது? "மூளைக்கான மரபணு" என்று படித்த ஒன்றைத் தசையோடும் இதயத்தோடும் சேர்த்துப் பேசுகிறார்களே, எப்படி?

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: அளவு மாறாமல் இருப்பதுதான் இயல்பு. மருந்து கொடுத்த பத்து, இருபது நிமிடங்களில் இந்தப் புரதம் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். மாறுவது, அதன் மேல் பாஸ்பேட் எந்த இடத்தில் ஏறியிருக்கிறது என்பது. மொத்தப் புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடிக்கு அது தெரியாது. மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் இதிலிருந்தே கிளைக்கிறது என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற சமிக்ஞை மூலக்கூறு ஏறினால் பிகேஏ என்ற கைனேஸ் விழித்துக்கொண்டு பல புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றும். அதே நேரத்தில் பிபி1 என்ற பாஸ்படேஸ் அந்த பாஸ்பேட்டுகளைக் கழற்றிக்கொண்டே இருக்கும். ஓட்டைத் தொட்டியை நிரப்ப வேண்டுமானால் குழாயைத் திறந்தால் மட்டும் போதாது, ஓட்டையையும் அடைக்க வேண்டும். அடைக்கும் வேலைதான் டார்ப்-32 உடையது. பிகேஏ இதன் 34-ஆவது இடத்தில் உள்ள திரியோனின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட்டை ஏற்றியதும் இது பிபி1-ஐப் பிடித்துச் செயலிழக்க வைக்கிறது. பிகேஏ போட்ட மற்ற பாஸ்பேட்டுகள் கழலாமல் நிற்கின்றன. சமிக்ஞை பலப்படுகிறது, நீடிக்கிறது.

மரபணுவின் பெயர் பிபிபி1ஆர்1பி. புரத பாஸ்படேஸ்-1-ஐ ஒழுங்குபடுத்தும் அலகு 1பி என்று அதை விரிக்கலாம். மனிதரில் 17-ஆவது குரோமோசோமின் நீண்ட கரத்தில் இருக்கிறது. டார்ப் என்பது "டோபமினாலும் சைக்ளிக் ஏஎம்பியாலும் ஒழுங்குபடுத்தப்படும் பாஸ்போபுரதம்" என்பதன் சுருக்கம். பால் கிரீன்கார்டின் ஆய்வகம் 1983-இல் இதை விவரித்தது. 1984-இல் ஹெமிங்ஸ், கிரீன்கார்ட், டங், கோஹன் ஆகியோர் இது பிபி1-இன் வீரியமான தடுப்பான் என்று காட்டினார்கள். கிரீன்கார்டுக்கு 2000-இல் ஆர்விட் கார்ல்சன், எரிக் காண்டெல் ஆகியோருடன் நோபல் பரிசு கிடைத்தபோது, அதற்குக் காரணமான வேலைகளில் இந்தப் புரதமும் ஒன்று.

34-ஆவது திரியோனின் மட்டும் இருந்திருந்தால் இது வெறும் பெருக்கி. இந்தப் புரதத்தை உண்மையில் அழகாக்குவது 75-ஆவது திரியோனின். அங்கே சிடிகே5 என்ற கைனேஸ் பாஸ்பேட்டை ஏற்றினால் டார்ப்-32 பிகேஏ-வையே தடுக்கத் தொடங்கிவிடும். இது 1999-இல் வெளியானது. ஒரே புரதம், 34-இல் பாஸ்பேட் இருந்தால் பாஸ்படேஸ் தடுப்பான், 75-இல் இருந்தால் கைனேஸ் தடுப்பான். ஓய்வில் இருக்கும் ஸ்ட்ரையேட்டத்தில் 75 கணிசமாக நிரம்பியிருக்கும், 34 மிகக் குறைவாக இருக்கும். டோபமின் டி1 ஏற்பியைத் தூண்டினால் பிகேஏ 34-ஐ ஏற்றுகிறது. அதோடு பிபி2ஏ என்ற இன்னொரு பாஸ்படேஸும் தூண்டப்பட்டு 75-ஐக் காலி செய்கிறது. ஆக, பிகேஏ மேல் இருந்த தடையும் விலகுகிறது. எதிர்த்திசையில் குளூட்டமேட் என்ற இன்னொரு நரம்புச் செய்திப்பொருள் வந்து கால்சியம் உள்ளே பாய்ந்தால், கால்சியத்தால் விழிக்கும் கால்சிநியூரின் என்ற பாஸ்படேஸ் 34-ஐக் கழற்றிவிடும். டோபமினும் குளூட்டமேட்டும் ஒரே செல்லில் கணக்குத் தீர்த்துக்கொள்ளும் இடம் இந்த ஒற்றைத் திரியோனின். இவை தவிர பாஸ்பேட் ஏறும் இரண்டு செரின்கள் (இன்னொரு அமினோ அமிலம்) உண்டு. எலிகளில் இவற்றின் எண்கள் மாறும்: சுண்டெலியில் 97, 130, பெரிய எலியில் அதே இடங்கள் 102, 137. ஆன்டிபாடி வாங்கும்போது எந்த விலங்கின் எண் என்று பார்க்காமல் வாங்குவது அடிக்கடி நடக்கும் பிழை. 34-க்கும் 75-க்கும் அந்தத் தொல்லை இல்லை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஸ்ட்ரையேட்டத்தின் நடுத்தர முள் நியூரான்களில் டார்ப்-32-இன் செறிவு ஏறத்தாழ 50 மைக்ரோமோலார். 34-இல் பாஸ்பேட் ஏறிய வடிவம் பிபி1-ஐ நானோமோலார் அளவிலேயே தடுக்கிறது. மொத்தத்தில் 2 விழுக்காடு ஏறினாலும் 1 மைக்ரோமோலார் ஆகிறது. அதாவது தடுப்பதற்கு வேண்டியதைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு. அதனால்தான் மொத்த அளவைப் பார்த்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது என்று அழுத்திச் சொல்கிறேன். இந்தச் செல்களில் புரதம் எப்போதும் வேண்டிய அளவுக்கு மேல் குவிந்தே கிடக்கிறது.

மரபணுவை நீக்கிய சுண்டெலிகள் 1998-இல் வந்தன. அவை பிழைத்தன, நடமாடின, மேலோட்டமாகப் பார்த்தால் குறை தெரியவில்லை. ஆனால் கோகெயின், ஆம்பெட்டமின் போன்றவற்றுக்கு அவற்றின் துலங்கல் மங்கியிருந்தது. டி2 ஏற்பியை மறிக்கும் மனநோய் மருந்து கொடுத்தால் வரும் விறைப்பும் குறைந்தது. டோபமின் இல்லாமல் போகவில்லை, டோபமினின் சொல் எடுபடாமல் போயிற்று. காபியும் இந்த வழியில் வருகிறது. கஃபீன் அடினோசினின் ஏ2ஏ ஏற்பியை மறிப்பதால் 75-ஆவது இடத்தில் பாஸ்பேட் கூடுகிறது என்றும், டார்ப்-32 இல்லாத சுண்டெலிகளில் கஃபீனின் சுறுசுறுப்பு மங்குகிறது என்றும் 2002-இல் காட்டினார்கள்.

இன்னொரு பொறி: ஸ்ட்ரையேட்டத்தை மொத்தமாக அரைத்துப் பார்ப்பது. அங்கே டி1 ஏற்பி உள்ள நியூரான்களும் டி2 ஏற்பி உள்ள நியூரான்களும் ஏறக்குறைய சரிபாதி. கோகெயின் முன்னதில் 34-ஐ ஏற்றுகிறது, பின்னதில் இறக்குகிறது. இரண்டையும் கலந்து அரைத்தால் கூட்டலும் கழித்தலும் பெரும்பாலும் ஈடாகிவிடும். 2008-இல் இரு வகைச் செல்களிலும் வெவ்வேறு அடையாளத் துண்டு ஒட்டிய டார்ப்-32-ஐ வைத்துத் தனித்தனியே இழுத்தெடுத்த பிறகுதான் இது தெளிவாகத் தெரிந்தது. உங்கள் பாஸ்போ-34 பட்டையும் (34-இல் பாஸ்பேட் ஏறிய வடிவத்தை மட்டும் காட்டுவது) அசையவில்லை என்றால், மருந்தைச் சந்தேகிக்கும் முன் இதை நினைவில் வையுங்கள்.

இனி ஜெல்லில் 32. மனித டார்ப்-32-இல் 204 அமினோ அமிலங்கள், நிறை ஏறத்தாழ 23 கிலோடால்டன். இது மடிந்து உருண்டையாக நிற்கும் புரதம் அல்ல, நூல் போல அவிழ்ந்து கிடப்பது. அமிலத்தன்மை கொண்ட அமினோ அமிலங்கள் ஒரு பகுதியில் வரிசையாக நிற்கின்றன. புரதங்களுக்கு மின்சுமை ஏற்றும் எஸ்டிஎஸ் என்ற சோப்புப் பொருள் அங்கே சரியாக ஒட்டாது. எஸ்டிஎஸ் குறைந்தால் மின்சுமை குறையும், ஜெல்லில் ஓட்டமும் குறையும், பட்டை மேலே நின்றுவிடும். பெயரில் உள்ள 32 அந்த ஓட்டத்தின் எண். உங்கள் ஜெல் சரியாகத்தான் ஓடியிருக்கிறது.

அவிழ்ந்து கிடப்பதில் ஒரு பெரிய நன்மையும் உண்டு. கொதிக்க வைத்தாலும் இந்தப் புரதம் கெடாது, கெடுவதற்கு மடிப்பே இல்லை. சாற்றை 95 டிகிரியில் 10 நிமிடம் வைத்து மையவிலக்கியில் சுற்றினால் மற்ற புரதங்களில் பெரும்பகுதி கட்டியாகி அடியில் படியும், டார்ப்-32 மேல்நீரில் தெளிவாக நிற்கும். சுத்திகரிப்பில் இதைவிட மலிவான முதல் படி கிடையாது.

இந்தத் தந்திரம் முதலில் வந்தது மூளையிலிருந்து அல்ல, தசையிலிருந்து. மூன்றாவது கேள்விக்கான பதில் இங்கே தொடங்குகிறது. புரதத்தில் பாஸ்பேட் ஏறி இறங்குவது ஒரு கட்டுப்பாட்டு முறை என்பதையே எட்மண்ட் ஃபிஷரும் எட்வின் கிரெப்ஸும் 1950-களில் முயலின் எலும்புத்தசையில் கிளைக்கோஜன் பாஸ்பாரிலேஸை ஆராய்ந்துதான் கண்டார்கள். 1992-இல் நோபல் பரிசு. அதே முயல் தசையில் ஹுவாங்கும் கிளின்ஸ்மனும் 1976-இல் வெப்பத்துக்கு அசையாத, பாஸ்பேட் ஏறினால் மட்டும் பாஸ்படேஸைத் தடுக்கும் ஒரு புரதத்தை விவரித்தார்கள். அதுதான் இன்ஹிபிட்டர்-1. அதன் மரபணு பிபிபி1ஆர்1ஏ, மனிதரில் 12-ஆவது குரோமோசோமில் உள்ளது. டார்ப்-32 இதன் உடன்பிறப்பு. இரண்டிலும் பிபி1-ஐப் பற்றும் கொக்கி ஒன்றே: லைசின், ஐசோலூசின், குளூட்டமின், ஃபினைல்அலனின் என்ற நான்கெழுத்து. இரண்டிலும் பாஸ்பேட் ஏறும் திரியோனினுக்கு முன்னால் நான்கு ஆர்ஜினின்கள், பிறகு ஒரு புரோலின். டார்ப்-32-இல் அந்தத் திரியோனின் 34-ஆவது, இன்ஹிபிட்டர்-1-இல் 35-ஆவது. கொக்கி பிபி1-இன் முதுகில் மாட்டும், பாஸ்பேட் ஏறிய திரியோனின் அதன் வாயில் போய் உட்காரும். இரண்டில் ஒன்று போனாலும் பிடி தளர்ந்துவிடும்.

எனவே "டார்ப்-32 மரபணு தசையில் வேலை செய்கிறது" என்பதைவிட, "இந்தக் குடும்பத்தில் டார்ப்-32 பெரும்பாலும் ஸ்ட்ரையேட்டத்தில், இன்ஹிபிட்டர்-1 தசை, இதயம், கொழுப்புத் திசு, மூளையின் பிற பகுதிகளில்" என்று சொல்வதே சரியாக இருக்கும். டார்ப்-32 சிறுநீரகத்திலும் உண்டு. அங்கே சோடியம் பம்பின் கட்டுப்பாட்டில் பங்கு வகிக்கிறது. தசை தொடர்பில் பிபிபி1ஆர்1பி பெயர் அடிபட இன்னொரு காரணம், அந்த மரபணு இடத்திலிருந்து படியெடுக்கப்படும், புரதமாகாத ஒரு நீள் ஆர்என்ஏ. இதயத் தசை, எலும்புத்தசை ஆகியவற்றின் வளர்ச்சிக்கு அது உதவுகிறது. அந்த ஆர்என்ஏ-வின் வேலையைப் புரதத்தின் வேலையாக எழுதிவிடக் கூடாது.

எலும்புத்தசையில் இன்ஹிபிட்டர்-1-இன் பங்கு பற்றிப் பாடநூல்களில் ஒரு படம் உண்டு: அட்ரினலின், சைக்ளிக் ஏஎம்பி, பிகேஏ, இன்ஹிபிட்டர்-1, பிபி1 தடை, கிளைக்கோஜன் உடைதல். படம் தவறல்ல, ஆனால் முழுமையும் அல்ல. கிளைக்கோஜன் மேல் பிபி1-ஐ உட்கார வைப்பது ஜிஎம் என்ற இன்னொரு அலகு. பிகேஏ அந்த அலகில் பாஸ்பேட்டை ஏற்றினால் பிபி1 அதிலிருந்து கழன்று செல்திரவத்துக்கு வரும். அப்படிக் கழன்றதைப் பிடித்துவைப்பதே இன்ஹிபிட்டர்-1-க்குப் பொருத்தமான வேலை. இன்சுலின் கிளைக்கோஜன் சிந்தேஸைத் தூண்டவும் இது வேண்டும் என்று நம்பியிருந்தார்கள். மரபணுவை நீக்கிய சுண்டெலிகளில் 1999-இல் பார்த்தபோது இன்சுலின் வழக்கம்போலவே வேலை செய்தது. ஆக, இன்ஹிபிட்டர்-1-இன் இடம் அட்ரினலினின் பக்கம்தான். அதே நீக்கிய சுண்டெலிகளின் மூளையில், நினைவோடு தொடர்புடைய ஹிப்போகேம்பஸின் ஒரு பாதையில் நீள்கால வலுவூட்டல் (நரம்பு இணைப்புகள் நெடுநேரம் வலுப்பட்டு நிற்பது) குறைந்தது, அதன் சிஏ1 பகுதியில் குறையவில்லை. ஒரே மூளையில்கூட இடத்துக்கு இடம் தேவை மாறுகிறது.

இதயத்தில் கதை இன்னும் தெளிவு. இதயத் தசைச் செல்லில் கால்சியத்தை உறிஞ்சிச் சேமிக்கும் சர்கா பம்பின் மேல் ஃபாஸ்போலாம்பன் என்ற 52 அமினோ அமிலப் புரதம் பிரேக் போல உட்கார்ந்திருக்கிறது. அட்ரினலின் வந்தால் பிகேஏ அதன் 16-ஆவது செரினில் பாஸ்பேட்டை ஏற்றும், பிரேக் விடும், கால்சியம் வேகமாக உள்ளிழுக்கப்படும், இதயம் வேகமாகத் தளர்ந்து அடுத்த துடிப்பில் வலுவாகச் சுருங்கும். பிபி1 அந்த பாஸ்பேட்டைக் கழற்றி மீண்டும் பிரேக் போடும். இன்ஹிபிட்டர்-1 பிபி1-ஐத் தடுப்பதால் பிரேக் விட்டபடியே சற்று நேரம் நிற்கிறது. செயலிழந்துவரும் மனித இதயங்களில் பிபி1 கூடுதலாகவும், இன்ஹிபிட்டர்-1 குறைவாகவும், அதில் பாஸ்பேட் ஏற்றம் இன்னும் குறைவாகவும் இருப்பது பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. இதிலிருந்து ஒரு சிகிச்சை யோசனை பிறந்தது. முதல் 65 அமினோ அமிலங்களை மட்டும் வைத்து, 35-ஆவது திரியோனினுக்குப் பதில் ஆஸ்பார்ட்டிக் அமிலத்தைப் போட்டால், பாஸ்பேட் எப்போதும் ஏறியிருப்பதுபோல் புரதம் நடந்துகொள்ளும். ஐ-1சி எனப்படும் அதை, மரபணுவைச் சுமந்து செல்லும் ஏஏவி வைரஸில் ஏற்றி இதயத்துக்கு அனுப்பும் மரபணு சிகிச்சை இப்போது மனிதரில் சோதனையில் இருக்கிறது. ஆனால் எச்சரிக்கையும் உண்டு. இதைத் தொடர்ந்து வெளிப்படுத்திய சுண்டெலிகளில், அட்ரினலின் வகைப் பொருள்கள் கூடும்போது துடிப்புக் கோளாறு வந்தது என்று 2010-இல் இன்னொரு குழு காட்டியது. பிரேக்கை எவ்வளவு நேரம் விட்டுவைப்பது என்பதே இதில் கடினமான கேள்வி. அளவைத் தீர்மானிக்காமல் "கூட்டினால் நல்லது" என்று எழுதுவது அவசரம்.

அதே அவசரத்துக்குப் புற்றுநோய் இன்னொரு எடுத்துக்காட்டு. இரைப்பை, மார்பகப் புற்றுகளில் டார்ப்-32-இன் வெட்டுண்ட வடிவம் ஒன்று மிகுதியாக வருகிறது. முதல் 36 அமினோ அமிலங்கள் அதில் இல்லை, எனவே கொக்கியும் இல்லை, 34-ஆவது திரியோனினும் இல்லை. அது பிபி1-ஐத் தடுக்க முடியாது. புரதத்தின் வால் பகுதியைப் பிடிக்கும் ஆன்டிபாடி இரண்டையும் பிடிக்கும்; பட்டை சற்றுக் கீழே இருப்பதைக் கவனிக்காவிட்டால் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுவீர்கள்.

இனி உங்கள் பிளாட்டுக்கு வருவோம். பாஸ்போ-34 பட்டை மங்கலாக வருவதற்குப் பெரும்பாலான காரணம் ஜெல்லில் இல்லை, விலங்கு இறந்த முதல் நிமிடத்தில் இருக்கிறது. இரத்த ஓட்டம் நின்றதும் நியூரானுக்குள் கால்சியம் பாயும், கால்சிநியூரின் விழிக்கும், 34 கழலும். தலையை வெட்டி, மூளையை எடுத்து, பனிக்கட்டி மேல் பொறுமையாக ஸ்ட்ரையேட்டத்தைப் பிரித்தால், நீங்கள் அளப்பது மருந்தின் விளைவை அல்ல, மரணத்தின் விளைவை. தலைக்கு மட்டும் குவித்து 4.5 முதல் 5 கிலோவாட் வரை பாய்ச்சும் நுண்ணலைக் கருவி இருந்தால் சுண்டெலிக்கு 1.4 விநாடி போதும், எல்லா நொதிகளும் ஒரே நேரத்தில் நின்றுவிடும். இது ஆய்வகத்துக்கென்று செய்த கருவி. சமையலறை மைக்ரோவேவ் இதற்கு உதவவே உதவாது. கருவி இல்லையென்றால் தலையை நேரே திரவ நைட்ரஜனில் போட்டு, பிறகு மைனஸ் 20 டிகிரி கிரையோஸ்டாட்டில் சீவி, உறைந்த நிலையிலேயே ஸ்ட்ரையேட்டத்தைக் குத்தி எடுங்கள். நடுவில் ஒரு முறைகூட உருகக் கூடாது.

துண்டை 1 விழுக்காடு எஸ்டிஎஸ், 50 மில்லிமோலார் சோடியம் ஃபுளோரைடு கலந்த, ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும் கரைசலில் போட்டு, உடனே அல்ட்ராசவுண்டில் உடைத்து, 10 நிமிடம் கொதிக்க விடுங்கள். இதைப் பனிக்கட்டியில் வைக்காதீர்கள், எஸ்டிஎஸ் படிகமாகிவிடும். பொட்டாசியம் உப்பு கலந்த பஃபரும் வேண்டாம், எஸ்டிஎஸ் வெள்ளையாகத் திரண்டு படியும். புரத அளவுக்கு பிசிஏ முறை. பிராட்ஃபோர்டு என்ற மற்ற அளவீட்டு முறையை எஸ்டிஎஸ் கெடுத்துவிடும். ஜெல் 12 விழுக்காடு, ஒரு வரிக்கு 20 முதல் 40 மைக்ரோகிராம், 0.2 மைக்ரான் துளை உள்ள படலம். பாஸ்போ ஆன்டிபாடிக்குப் பாலைவிட பிஎஸ்ஏ-வால் (மாட்டுச் சீரம் ஆல்புமின்) மறிப்பது நல்லது, பாலில் உள்ள கேசினே ஒரு பாஸ்போபுரதம். பாஸ்போவும் மொத்தமும் ஒரே இடத்தில் வருவதால் படலத்தை உரித்து மறுபடி போடும் பழக்கம் எண்ணைக் கெடுக்கும். வெவ்வேறு விலங்கில் செய்த இரு ஆன்டிபாடிகளை இரு நிற ஒளிர்சாயங்களோடு போட்டு, விகிதத்தை எடுங்கள்.

கட்டுப்பாட்டு மாதிரி இல்லாமல் இந்தப் பட்டையை நம்ப முடியாது. மூளைச் சீவல் செய்ய வசதி இருந்தால், சுமார் 350 மைக்ரான் தடிமனில் சீவி, 95 விழுக்காடு ஆக்சிஜனும் 5 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடும் குமிழும் கரைசலில் 30 டிகிரியில் ஒரு மணி நேரம் தேற விடுங்கள். முதல் அரை மணிக்கு, அடினோசினைச் சிதைக்கும் நொதியான அடினோசின் டிஅமினேஸை மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் சேருங்கள். இதை விட்டால் சீவலிலிருந்து கசியும் அடினோசின் ஏ2ஏ ஏற்பி வழியாகச் சைக்ளிக் ஏஎம்பியை ஏற்றிவிடும். மருந்து போடுமுன்பே 34 உயர்ந்து நிற்கும், மருந்தின் விளைவு சின்னதாகத் தெரியும். பிறகு, சைக்ளிக் ஏஎம்பியை ஏற்றும் ஃபோர்ஸ்கோலின் 10 மைக்ரோமோலார், 5 முதல் 10 நிமிடம். அதில் பட்டை எரிய வேண்டும். அதே மாதிரியைக் கொதிக்க வைக்காமல், எஸ்டிஎஸ் இல்லாத பஃபரில் எடுத்து லாம்டா பாஸ்படேஸ் போட்டால் பட்டை மறைய வேண்டும். இரண்டும் நடந்தால்தான் ஆன்டிபாடியை நம்பலாம்.

இதே ஆன்டிபாடியைத் தசைக்கும் இதயத்துக்கும் கொண்டுபோகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 34-ஐச் சுற்றிய வரிசையும் 35-ஐச் சுற்றிய வரிசையும் ஏறக்குறைய ஒன்று என்பதால், டார்ப்-32-க்கு என்று விற்கப்படும் பாஸ்போ ஆன்டிபாடி இன்ஹிபிட்டர்-1-ஐயும் பிடிக்க வாய்ப்பு அதிகம். தசையில் 32-க்குக் கொஞ்சம் கீழே வரும் பட்டையைப் பார்த்துவிட்டு "தசையிலும் டார்ப்-32" என்று எழுதுவதற்கு முன், மொத்தப் புரத ஆன்டிபாடியாலும், முடிந்தால் நீக்கிய சுண்டெலியின் திசுவாலும் சரிபாருங்கள். விலங்கும் முக்கியம்: முயலின் கல்லீரலில் இன்ஹிபிட்டர்-1 உண்டு, எலியின் கல்லீரலில் இல்லை.

தசையை எடுக்கும்போது விலங்கைப் பிடித்து அமுக்கும் பயமே அட்ரினலினை ஏற்றிவிடும். எனவே மயக்கம் ஆழமாக இருக்கட்டும்; அட்ரினலினை மறிக்கும் பிராப்ரனலால் கொடுத்த ஒரு கூட்டத்தை அடிமட்ட அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். திரவ நைட்ரஜனில் குளிரவைத்த உலோகக் கிடுக்கியால் தசையை நசுக்கியபடியே உறையவைக்க வேண்டும், வெட்டி எடுத்து உறையவைக்கக் கூடாது. இதய மாதிரியில் ஃபாஸ்போலாம்பனையும் பார்ப்பதாக இருந்தால், அது ஐந்து ஐந்தாகச் சேர்ந்து நிற்கும் புரதம் என்பதை மறக்காதீர்கள். கொதிக்க வைக்காத மாதிரியில் 25 கிலோடால்டன் அருகிலும், 5 நிமிடம் நன்றாகக் கொதித்ததில் 6-க்குப் பக்கத்திலும் பட்டை வரும். அரைகுறையாகச் சூடாக்கினால் இரண்டு இடத்திலும் பட்டை பிரிந்து நிற்கும், எண் குழம்பும். ஏதாவது ஒரு வழியைத் தேர்ந்து எல்லா மாதிரிகளுக்கும் ஒரே மாதிரி செய்யுங்கள்.